பாதர் அரசியல் பேசினால் கேட்க வேண்டுமா?

வத்தளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய பங்கில் ஞாயிறு பூசைப் பிரசங்கத்தில் பாதர் ஈஸ்டர் தாக்குதல் வழக்கு, அரசாங்கம், நீதி என்று அடிக்கடி பேசுகிறாராம். கூட வேலை செய்யும் நண்பர் போகிற பெந்தகோஸ்து சபையிலோ "நமக்கு அரசியல் வேண்டாம், ஜெபம் போதும்" என்கிறார்களாம். ஆனால் அதே சபையில் தேர்தலுக்கு முந்திய ஞாயிறு ஒரு வேட்பாளரை மேடைக்கு அழைத்து, தலையில் கைவைத்து ஜெபித்திருக்கிறார்கள். இதில் எது கிறிஸ்தவப் பார்வை, பாதர் சொல்வதற்கு மாறாக வாக்களித்தால் அது பாவமா என்று கேட்கிறார்.

பாவமா என்ற கேள்விக்கு உடனேயே பதில் சொல்லிவிடலாம்: இல்லை. மற்றதில் அவர் உண்மையில் கேட்பது, பிரசங்க மேடையிலிருந்து வருகிற அரசியல் பேச்சில் எது விசுவாசம், எது பேசுகிறவரின் சொந்த அபிப்பிராயம் என்று பிரித்துப் பார்க்க வழி உண்டா என்பதுதான் என்று நினைக்கிறேன். நான் குருவானவர் இல்லை. இறையியல் படித்துவிட்டு, கொழும்பில் தமிழ்ப் பொதுநிலையினருக்குத் திருச்சபையின் சமூகப் போதனையைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறவன். கத்தோலிக்கன். ஆகவே சபைகளைப் பற்றி நான் சொல்வதை வெளியே நின்று பார்க்கிறவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமில்லாத விஷயங்கள். கத்தோலிக்கத் திருச்சபைக்குக் கட்சி கிடையாது. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பு, குருக்கள் அரச அதிகாரம் கொண்ட பதவிகளை ஏற்கக் கூடாது, கட்சி அரசியலில் முனைப்பாக இறங்கக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டில் இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே விசுவாசமும் ஒரே நேர்மையும் உள்ள இரண்டு கிறிஸ்தவர்கள் ஒரு பொது விவகாரத்தில் வேறு வேறு முடிவுக்கு வரலாம்; அப்படி வரும்போது, திருச்சபையே என் பக்கம்தான் என்று சொல்லிக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை என்கிறது அது. குருவானவருக்கும் இது பொருந்தும். மனித உயிர், நீதி, ஏழைகள் பற்றிய கொள்கையை அவர் திருச்சபையின் பெயரால் போதிக்கலாம். எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போடுவது என்பது உங்கள் மனச்சாட்சியின் வேலை.

அப்படியானால் வேதாகமம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். இங்கேதான் ஆட்கள் தங்களுக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுக்கிறார்கள். "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்று ரோமர் 13 சொல்கிறது. அதே புதிய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகத்தில், வெளிப்படுத்தல் 13-இல், அதிகாரம் கடலிலிருந்து ஏறி வருகிற மிருகமாகக் காட்டப்படுகிறது. அப்போஸ்தலர் 5-இல் பேதுரு நீதிமன்றத்தின் முன் நின்று, மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்கிறார். (என் அனுபவத்தில் ரோமர் 13-ஐ ஞாபகப்படுத்துகிறவர் அநேகமாக ஆளும் கட்சிக்கு வாக்களித்தவராக இருப்பார். ஆட்சி மாறினால் வசனமும் கைமாறும்.) "இராயனுடையதை இராயனுக்கும், தேவனுடையதை தேவனுக்கும்" என்ற பதிலையும் அரசியல் வேறு, ஆன்மிகம் வேறு என்று கோடு போட்டுக் கொடுத்ததாகப் படிக்கிறோம். அந்தக் காட்சியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். வரி கட்டலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு ஒரு நாணயத்தைக் காட்டச் சொல்கிறார். அவரிடம் அது இல்லை, அவர்களிடம் இருக்கிறது. அதுவும் ஆலய வளாகத்துக்குள் நின்றுகொண்டு இராயனின், அதாவது ரோமப் பேரரசனின், முகம் பதித்த காசை எடுத்து நீட்டுகிறார்கள். கேள்வி கேட்டவர்கள் ஏற்கெனவே எந்தப் பக்கத்தில் காலூன்றி நிற்கிறார்கள் என்பதை அந்தக் காசு காட்டிக்கொடுத்துவிடுகிறது. எது தேவனுடையது என்பதற்கு அவர் பட்டியல் தரவில்லை.

எனக்கு உதவிய அளவுகோல் பழைய ஏற்பாட்டில், ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் இருக்கிறது. முதல் இரண்டு அதிகாரங்களை ஒரே மூச்சில் படியுங்கள். தமஸ்குவின் குற்றம், காசாவின் குற்றம், தீருவின் குற்றம், ஏதோம், அம்மோன், மோவாப் என்று அக்கம்பக்கத்து நாடுகளை ஒவ்வொன்றாக வெளுத்து வாங்குகிறார். கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலர் தலையாட்டி ரசித்திருப்பார்கள். அடுத்து யூதா. அதற்கும் அடுத்து இஸ்ரவேல், அதுவும் மற்ற எல்லாரையும்விட நீளமாக. நடுவில் மோவாபுக்குச் சொல்லப்படும் குற்றம் என்ன தெரியுமா? ஏதோம் ராஜாவின் எலும்புகளை நீறாகச் சுட்டது. செய்தவன் அந்நியன், பாதிக்கப்பட்டவனும் அந்நியன். இஸ்ரவேலுக்கு அதில் ஒரு காசு நட்டமில்லை. இருந்தும் தீர்க்கதரிசிக்கு அது கணக்கில் வருகிறது. ஆகவே ஒரு பிரசங்கத்தைக் கேட்கும்போது நான் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன்: நம்முடைய ஆட்கள் அல்லாதவர்களின் சாவுக்கும் இவர் வாய் திறக்கிறாரா? சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் நம்முடைய பெயரையும் சொல்கிறாரா? இது திருச்சபை தந்த விதி கிடையாது. நான் வைத்துக்கொண்ட அளவுகோல், அவ்வளவுதான்.

இதை நம் நாட்டுக் கதையோடு வைத்துப் பார்ப்போம். 1960-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம், திருச்சபையினுடையவை உட்பட அரச உதவி பெறும் பாடசாலைகளைச் சுவீகரிக்கச் சட்டம் கொண்டுவந்தபோது கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். கடைசியில் பம்பாயிலிருந்து கர்தினால் கிரேசியஸ் வந்து சமாதானம் பேச வேண்டியிருந்தது. அவ்வளவு வேகமும் ஒற்றுமையும் நம்மிடம் இருந்தது. அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு, 1948-இல், குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. அவர்களில் கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தரும் இருந்தார்கள். அன்று கோயில்களை நிரப்பிய போராட்டம் எதுவும் எழவில்லை. பாடசாலை நம்முடையது, தோட்டத்து லயன் நம்முடையது அல்ல என்று தோன்றியிருக்க வேண்டும். அந்தக் காரணம் என் ஊகம். நடந்தது ஊகம் அல்ல.

இலங்கைக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாம் 7.6 சதவீதம். அந்தச் சிறிய கூட்டத்துக்குள்தான் சிங்களவரும் தமிழரும் பெருமளவில் ஒரே நற்கருணையை வாங்குகிறோம். பெரிய வாய்ப்பு என்று மேடைகளில் சொல்வோம். நடைமுறையில் ஒரே கோயிலில் காலை ஆறரைக்குச் சிங்களப் பூசை, எட்டு மணிக்குத் தமிழ்ப் பூசை. வெளியே வருகிறவர்களும் உள்ளே போகிறவர்களும் படியில் ஒதுங்கி வழிவிட்டுக்கொள்வதோடு சரி. யுத்தம் முடிந்த நாள் வருகிற மே மாதம் மூன்றாம் வாரத்தில் விசுவாசிகளின் மன்றாட்டுகளைக் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரு பூசையில் நாட்டைக் காத்தவர்களுக்காக நன்றி சொல்கிறார்கள். அடுத்த பூசையில் "யுத்தத்தில் உயிரிழந்த அனைவருக்காகவும்" என்று மன்றாடுகிறார்கள். அந்த "அனைவருக்காகவும்" எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். முள்ளிவாய்க்கால் என்று எழுதி, அடித்து, வன்னி என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு வருகிற சொல் அது. வாசிக்கிற பிள்ளைக்கு வம்பு வரக்கூடாது என்று பெரியவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்வது. நான் குறை சொல்லவில்லை, அந்தத் தாளை நானும் திருத்தியிருக்கிறேன்.

இதையும் மீறிப் பேசியவர்கள் இருந்திருக்கிறார்கள். குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க சிங்களவர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம் போய் மக்களைப் பார்த்தார். அந்தச் செப்டெம்பரில் தன் மறைமாவட்டப் பேரவையில் பேசும்போது, சிங்களவர் வெட்கப்பட்டுத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அடுத்த மாதமே காலமானார். ஆமோஸ் இஸ்ரவேலின் பெயரைச் சொன்னது போன்ற பேச்சு அது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில், யுத்தத்தைப் பற்றி அரசாங்கம் நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 1,46,679 என்ற எண்ணை வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்களென அரச செயலகங்கள் பதிந்த 4,29,059 பேரிலிருந்து, யுத்த முடிவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்த 2,82,380 பேரைக் கழித்தால் வருகிற மிச்சம். இதில் ஒரு நிதானம் வேண்டும். அது கணக்கில் வராதவர்களின் தொகை. இறந்தோர் தொகை என்று சிலர் பரப்புவது அவர் சொன்னதைத் தாண்டிப் போவது. ஆனால் அந்த இரண்டு எண்களை வைத்து, மீதிப் பேர் எங்கே என்று கேட்டதற்காகவே தெற்கில் அவரைப் புலி என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்களும் இருந்தார்கள்.

இனி உங்கள் பாதரின் ஈஸ்டர் பேச்சுக்கு வருவோம். 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் 260-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் அதிகாரத்தில் இருந்தவர்கள் செயற்படவில்லை என்பது நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்ட உண்மை. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் தன் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்புத் துறைப் பொறுப்பாளர்களுக்கும் தனித்தனியே தொகை விதிக்கப்பட்டது. இதைப் பாதர் பிரசங்கத்தில் சொன்னால் அது கட்சி அரசியல் ஆகாது, தீர்ப்பை வாசிப்பது. தாக்குதலுக்குப் பின்னால் அரசியல் நோக்கத்தோடு வேறு கைகள் இருந்தனவா என்பது வேறு விஷயம். 2023 செப்டெம்பரில் பிரித்தானியத் தொலைக்காட்சி ஒன்று பாரிய குற்றச்சாட்டுகளை ஒளிபரப்பியது, சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள். அதை விசாரிக்கச் சொல்லிக் கேட்பது திருச்சபையின் உரிமை. கர்தினால் மெல்கம் ரஞ்சித் அதைத்தான் விடாமல் கேட்டு வருகிறார், கேட்கவும் வேண்டும். விசாரணை முடியுமுன் இன்னார்தான் செய்தார் என்று மேடையிலிருந்து பெயர் சொன்னால், அந்த இடத்தில் நீங்கள் தயங்குவது சரி.

என் அளவுகோலை இங்கேயும் வைக்கிறேன். தாக்குதல் நடந்த அந்த நாட்களில் பழிக்குப் பழி வேண்டாம் என்று கர்தினால் சொன்னது பெரிய காரியம். அடுத்த மாதம் குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் அடித்து நொறுக்கப்பட்டபோது, கத்தோலிக்கர் அதிகமுள்ள ஊர்கள் மொத்தமாகத் தீப்பற்றாமல் போனதற்கு அந்த வார்த்தையும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். ஆனால் அந்த நாட்களில் நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த பாகிஸ்தான் அகதிகள், அதிலும் தங்கள் நாட்டில் மதத்துக்காகத் துரத்தப்பட்டு வந்த அகமதியர்கள், வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் நம்மோடு பூசைக்கு வருகிறவர்கள் என்ற கேள்வியை நாம் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு கோவிட் காலம். இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்தார்கள். பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தையை எரித்த பிறகு, பொரளை கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். கட்டியவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவையே மன்னிப்புக் கேட்டது. மோவாப் சுட்ட எலும்புகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு அந்த வேலி புரிந்திருக்க வேண்டும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியிலிருந்து வீதியோரம் உட்கார்ந்திருக்கும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் அப்படித்தான். கட்டுவாப்பிட்டித் தாயும் அவர்களும் கேட்பது ஒன்றே: என் பிள்ளைக்கு என்ன நடந்தது, யார் பொறுப்பு? உங்கள் பாதர் இருவரையும் ஒரே பிரசங்கத்தில் சொல்கிறவரென்றால், அவர் பேச்சைத் தைரியமாகக் கேளுங்கள். ஒருவரை மட்டும் சொல்கிறவரென்றால், சொல்வது உண்மையாக இருந்தாலும் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

உங்கள் நண்பரின் சபை. "அரசியல் வேண்டாம்" என்ற பேச்சைக் கோழைத்தனம் என்று நான் தள்ளமாட்டேன். சிறு சபைகள் பட்டது கொஞ்சமல்ல. 2003-இல் ஒரு கத்தோலிக்க அருட்சகோதரிகள் சபையைச் சட்டபூர்வமாகக் கூட்டிணைக்கும் மசோதாவிலேயே, மதத்தைப் பரப்புவது அரசியலமைப்பு தருகிற உரிமை அல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2004-இல் மதமாற்றத் தடை மசோதா வந்தது. 2008-இல் வந்த ஒரு சுற்றறிக்கையைக் காட்டி, அனுமதி எங்கே என்று கேட்டுப் பல இடங்களில் வீட்டுச் சபைகளை நிறுத்தினார்கள். கல்லெறி, கும்பல், பொலிஸ் நிலையத்தில் சமரசக் கையெழுத்து எல்லாம் உண்டு. இப்படி வாழ்கிறவர்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டு போவது பிழைக்கிற வழி. பிரச்சினை எங்கே என்றால், தலையைத் தாழ்த்துகிறவர் பாதுகாப்புக்காக உள்ளூர் அரசியல்வாதி ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. அங்கிருந்துதான் அந்த மேடை ஜெபம் வருகிறது. ஆட்சியாளருக்காக ஜெபிப்பது வேதத்தில் உள்ளது. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, போட்டியிடும் பலரில் ஒருவரை மட்டும் சபைக்குக் காட்டி ஜெபிப்பது பிரசாரம். 1981-ஆம் ஆண்டின் நாடாளுமன்றத் தேர்தல் சட்டம், சமயக் கூட்டத்தில் தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கத்தோடு பேசுவதைத் தகாத செல்வாக்கு என்ற குற்றத்துக்குள் வைத்திருக்கிறது என்பதை உங்கள் நண்பர் தெரிந்துகொள்வது நல்லது. நம் பக்கம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. திருவிழாவுக்கு வருகிற அமைச்சருக்கு முன்வரிசை நாற்காலி போடுகிற பழக்கம் நம்மிடமும் நன்றாகவே இருக்கிறது.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது கொழும்பில் கிறிஸ்தவ இளைஞர்களின் அரசியல் பாதி யூடியூபிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டுப் போதகர்கள், அமெரிக்கப் போதகர்கள், இஸ்ரேல் கொடி, கடைசிக்கால அட்டவணை. இன்றைய இஸ்ரேல் அரசை ஆதரிப்பது வேதக் கட்டளை என்கிற போதனை ஆதித் திருச்சபையிலிருந்து வருவதல்ல. அதன் வடிவம் 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்பவரிடம் உருவாகி, 1909-இல் வெளியான ஸ்கோஃபீல்டு விளக்கக் குறிப்பு வேதாகமத்தின் வழியாக உலகமெங்கும் போனது. நம்புகிறவர் நம்பலாம், கத்தோலிக்கரும் அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் அதைத் தங்கள் போதனையாக ஏற்கவில்லை. காசாவிலும் பூசை நடக்கிறது. அங்குள்ள திருக்குடும்ப ஆலயத்துக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் யுத்த காலத்தில் தாம் காலமாகும் வரை அநேகமாக ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் பேசிவந்தார். 2025 ஜூலையில் அந்த ஆலயமே தாக்கப்பட்டு மூன்று பேர் இறந்தார்கள். அதற்காக ஹமாஸ் 2023 ஒக்டோபர் 7-இல் செய்த கொலைகளை மறந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. ஆமோஸின் பட்டியலில் காசாவும் இருக்கிறது, இஸ்ரவேலும் இருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்வது? பாதர் சொன்னது பிடிக்கவில்லையென்றால் பூசை முடிந்த கையோடு வாசலில் மறிக்காதீர்கள். அடுத்த பூசைக்கு ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள், அவரும் பசியோடு நிற்பார். வாரநாளில் அவர் தங்கும் அறைவீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். இது திருச்சபையின் போதனையா, உங்கள் கருத்தா பாதர் என்று மரியாதையாகக் கேட்கலாம்; நல்ல குருவானவர் கோபிக்கமாட்டார். முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள்: ஞாயிறு மன்றாட்டு எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு வாரம் கிளிநொச்சித் தாய்மாரையும் ஒரு வாரம் கட்டுவாப்பிட்டிக் குடும்பங்களையும், ஒரு வாரம் நமக்குச் சம்பந்தமே இல்லாத யாரையாவதும் பெயர் சொல்லி எழுதிப் பாருங்கள். யாராவது அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள், திரும்ப எழுதுங்கள். மன்றாட்டு எழுத ஆள் கிடைக்காமல் திண்டாடாத பங்கு கொழும்பில் குறைவு. கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள்.